பசராக் காய்ச்சல்

எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விட்டு, இரண்டு நாள் நன்றாக இருந்து, மறுபடியும் குளிரோடு திரும்பி வந்தால் ஆயா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது பசராக் காய்ச்சலாட்டம் இருக்குது கண்ணு, லேசுல போவாது" என்பார். சின்ன வயதில் அதை ஒரு நோயின் பெயர் என்றே நினைத்திருந்தேன். மலேரியா, டைபாய்டு மாதிரி பசராவும் ஒன்று. பத்தாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சலோடு டாக்டரிடம் போய் அவரிடமே அந்தப் பெயரைச் சொன்னேன். அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்.

பசரா ஒரு ஊர். இராக்கின் தெற்கே, ஷத் அல் அரபு ஆற்றங்கரையில் இருக்கும் பஸ்ரா. வேலூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து என் தாத்தாவின் சித்தப்பா முதல் உலகப்போரில் அங்கே போனார். மூன்று வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தார். வந்த சில மாதங்களில் செத்துப்போனார். அவரை எங்கள் வீட்டில் பசராத் தாத்தா என்பார்கள். தாத்தா ஆகிற வயதுவரை அவர் இருக்கவில்லை. கல்யாணம்கூட ஆகவில்லை. இருபத்தைந்தைத் தாண்டியிருக்க மாட்டார்.

அந்தப் போர் தமிழுக்கு ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனது எல்லாருக்கும் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் மீது குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயரால் இன்றைக்கும் கில்லாடியை 'எம்டன்' என்கிறோம். எம்டன் ஊருக்கெல்லாம் கிடைத்த சொல். பசரா எங்கள் வீட்டுக்கு மட்டும் கிடைத்த சொல். அதைச் சொன்ன ஆயாவும் போன பிறகுதான் அதன் பின்னால் இருந்த மனிதரைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உயிரோடு இருந்தபோதே கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஆயா பசராத் தாத்தாவைப் பார்த்தவர் இல்லை. அவர் மருமகளாக இந்த வீட்டுக்கு வந்தபோது அந்தச் சாவு பழைய கதையாகிவிட்டது. ஆனால் ஆயாவின் மாமியார், அதாவது என் கொள்ளுப்பாட்டி, அந்தக் கடைசி மாதங்களில் அவருக்குக் கஞ்சி ஊற்றியவர். கொழுந்தனைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டவர். அவர் சொன்னதை ஆயா சொன்னார், ஆயா சொன்னதை என் அத்தை நினைவில் வைத்திருக்கிறார். மூன்று பெண்களின் வாய்வழியாகத்தான் அவர் என்னிடம் வந்து சேர்ந்தார்.

அத்தை சொன்னது இவ்வளவுதான். "பசராவுல இருந்து வந்தப்போ எலும்புந்தோலுமா வந்தாராம். பல்லெல்லாம் ஆடிப்போயி, சில பல்லு விழுந்தே போச்சாம். அந்த வயசுல கெழவன் வாயி. வயித்துல இடது பக்கம் காய்ச்சக்கட்டி. கால் ரெண்டும் வீங்கி, கொண்டாந்த பூட்ஸைப் போட முடியலையாம். காய்ச்சல் வரும் போவும், வரும் போவும். மாசியில செத்துட்டாரு. காத்து கருப்பு அடிச்சிருக்கும்னு வேப்பிலை அடிச்சாங்களாம்."

இதைச் சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு துணி முடிச்சை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் ஒரு பதக்கமும் ஒரு பத்திரமும் இருந்தன.

பதக்கம் வெண்கலம். ஒரு பக்கம் சிறகு விரித்து நிற்கும் ஒரு பெண். மறுபக்கம் 'நாகரிகத்துக்கான மகா யுத்தம் 1914–1919' என்று ஆங்கிலத்தில். நாடா இற்றுப்போய் நூலாகக் கிடந்தது. இது விக்டரி மெடல். போர்க்களம் என்று அறிவிக்கப்பட்ட நாட்டில் காலை வைத்தவர்களுக்கு மட்டும் கொடுத்தது. இந்தியாவிலேயே இருந்து போர் முடிந்து போனவர்களுக்கு இது கிடையாது. ஆக, 'போனாராம்' என்பது இங்கேயே 'போனார்' ஆகிவிட்டது.

இன்னொரு பதக்கமும் வந்ததாம், வெள்ளியில். அதை என் கொள்ளுத் தாத்தா வேலூருக்குக் கொண்டுபோய்ப் பத்தரிடம் கொடுத்து உருக்கி, தன் குழந்தைக்கு அரைஞாண் கொடி செய்துவிட்டார். குழந்தை என் தாத்தா. வெண்கலத்தைப் பத்தர் உருக்கிப் பிரயோசனம் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டதால் அது மட்டும் தங்கியது. முதலில் இதைக் கேட்டபோது மனம் பதறியது. பிறகு யோசித்துப் பார்த்தால், செத்துப்போன தம்பியின் வெள்ளி அண்ணன் மகனின் இடுப்பில் ஏறியதைவிட நல்ல இடம் எது என்று தோன்றுகிறது. அரசாங்கம் பதக்கம் அனுப்பியது தபாலில், அவர் செத்த பிறகு. அதை மார்பில் குத்திக்கொள்ள ஆள் இல்லை.

உருகிப்போன அந்த வெள்ளியும் ஒரு சேதி சொல்கிறது. பிரிட்டிஷ் வார் மெடல் என்ற அந்தப் பதக்கத்தைப் படைவீரர்களுக்கு வெள்ளியில் கொடுத்தார்கள், கூலிப்படைகளில் போனவர்களுக்கு வெண்கலத்தில். வெள்ளி வந்தது என்றால் இவர் சிப்பாய். 1915 முடிவதற்குள் களத்துக்குப் போனவர்களுக்கு மூன்றாவதாக ஒரு நட்சத்திரப் பதக்கமும் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்தவை இரண்டே. ஆக அவர் போனது 1916-இல். மூன்று வருஷம் என்ற குடும்பக் கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது.

பதக்கத்தின் விளிம்பைப் பார்க்க எனக்கு முதலில் தோன்றவில்லை. அத்தையின் பேத்திதான் விரலால் தடவிப் பார்த்து, "மாமா, இங்க எழுத்து இருக்கு" என்றாள். செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தோம். ஒரு எண், அடுத்து 'எஸ்.பி.ஆர்.', அடுத்து அவர் பெயர், கடைசியில் 'எஸ் அண்ட் எம்'. எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத அவருடைய சொந்தப் பெயர், ஆங்கில எழுத்தில், கொஞ்சம் தப்பான எழுத்துக்கூட்டலில், நூறு வருஷமாக அந்த விளிம்பில் இருந்திருக்கிறது. அத்தை வாய்விட்டு ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். பிறகு அமைதியாகிவிட்டார்.

எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர். எஸ் அண்ட் எம் என்றால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் இருக்கிற மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் முன்னோடிப் படை. பாலம் கட்டுவது, பதுங்குகுழி வெட்டுவது, கிணறு தோண்டுவது, எதிரியின் முள்வேலியைத் தகர்ப்பது இவர்கள் வேலை. முள்வேலியைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்ப்பிடோ' 1912-இல் இந்தப் படையின் அதிகாரி ஒருவர் கண்டுபிடித்தது. உலகத்து ராணுவங்களெல்லாம் பிறகு அதைப் பயன்படுத்தின. இந்தப் படையின் வீரர்களை இந்திய ராணுவத்தில் இன்றும் 'தம்பி' என்றே அழைக்கிறார்கள்.

எங்கள் தெருவிலிருந்து ஒருவர் அந்தப் படைக்குப் போனது தற்செயல் இல்லை. மதராஸ் சாப்பர்ஸில் பறையர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியாதவனுக்கு ராணுவம் ஒரு வாசல். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தெற்கத்தியான் போருக்கு லாயக்கில்லை, வடக்கே உள்ள 'போர் இனங்கள்'தான் லாயக்கு என்று ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலைக் குறுக்கினார்கள். மதராஸ் படைக்கே தலைமை தாங்கிய ஜெனரல் ராபர்ட்ஸ்தான் அதில் முன்னால் நின்றவர். போர் வந்து ஆள் குறைந்ததும் மறுபடி திறந்தார்கள். சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய். 1917 ஜூனிலிருந்து சேரும்போதே 50 ரூபாய் கையில் கொடுத்தார்கள், அவ்வளவு ஆள் தேவை. மாதம் பிறந்தால் கையில் ரொக்கம் என்பது, படி அளந்து நெல்லைக் கூலியாக வாங்கிய வீட்டுக்கு எப்பேர்ப்பட்ட விஷயம் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் பூட்ஸ். செருப்பு போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் போக முடியாத காலம் அது. சர்க்காரே அவருக்குப் பூட்ஸ் கொடுத்தது.

காட்பாடியில் ரயில் ஏறி ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூர். அங்கே பயிற்சி. அப்புறம் பம்பாய், கப்பல், பஸ்ரா. அந்த நாட்டை அப்போது மெசபடோமியா என்றார்கள். பள்ளிக்கூடத்தில் நாகரிகங்களின் தொட்டில் என்று நாம் படிக்கும் அதே டைக்ரிஸ், யூப்ரடீஸ். எங்கள் பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணல். அந்த மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்து வளர்ந்தவர்கள் போய்ச் சேர்ந்த இடம் வெள்ளத்தில் மிதக்கும் சதுப்பு. 1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரான் என்ற வளைவில் எதிரிகளான துருக்கியரின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே டைக்ரிஸைக் கடந்தபோது படகுகளில் துடுப்பு போட்டவர்களில் மெட்ராஸ் சாப்பர்களும் இருந்தார்கள். அதற்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி பாக்தாத் விழுந்தது.

சண்டைக் கதை இதோடு போதும். என் மனம் நிற்பது அந்த ஆடிய பற்களில்.

அத்தை சொன்ன அடையாளங்களை ஒரு தாளில் எழுதி, எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவரிடம் காட்டினேன். படித்துக்கொண்டே வந்தவர் பல் என்ற இடத்தில் நிறுத்தி, "ஸ்கர்வி" என்றார். வைட்டமின் சி இல்லாமல் போனால் ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல் ஆடும். பழைய புண்கூடத் திறந்துகொள்ளும். கடலோடிகளின் நோய் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆற்றங்கரையில், பேரீச்சந்தோப்புகளின் நாட்டில், 1916-இன் பிற்பாதியில் மட்டும் 11,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை அது படுக்க வைத்தது என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

எப்படி நடந்தது? இந்தியச் சிப்பாய்க்கு ராணுவம் கொடுத்த ரேஷன் மாவு அல்லது அரிசி, பருப்பு, நெய், உப்பு, கொஞ்சம் உருளைக்கிழங்கு என்ற அளவில் இருந்தது. காய்கறியைத் தன் காசில் சந்தையில் வாங்கிக்கொள்வான் என்பது கணக்கு. இந்தியாவில் கண்டோன்மெண்டில் இருக்கும்போது அந்தக் கணக்கு சரி. மெசபடோமியாவில் சந்தை எங்கே இருந்தது? ஆற்றுவழியாக வரும் படகுகள் போதாமல் குண்டுக்கும் உணவுக்கும் போட்டி. போட்டியில் காய்கறி தோற்றது. அதே களத்தில் வெள்ளைக்கார சிப்பாய்க்கு வந்தது வேறு நோய்: வைட்டமின் பி1 இல்லாமல் வரும் பெரிபெரி. அவர்கள் தின்றது தவிடு நீக்கிய வெள்ளை மாவு ரொட்டி. நம்மவர்கள் தின்ற முழு மாவும் பருப்பும் பெரிபெரியிலிருந்து பெரும்பாலும் காப்பாற்றின, ஸ்கர்வியிலிருந்து காப்பாற்றவில்லை. 1915 டிசம்பரிலிருந்து 1916 ஏப்ரல் வரை குட் நகரில் முற்றுகையில் சிக்கிய படையில் இந்த இரண்டு நோயும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் கிடந்தன.

லண்டனில் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானி அந்தச் சமயத்தில் இதையே ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் சொன்ன மருந்து என்ன தெரியுமா? முளைகட்டிய பயறு. பருப்பைக் காய்ந்தபடி கொடுத்தால் பயனில்லை, முழுப் பயறாக ஊறவைத்து முளைவிட்ட பிறகு கொடுங்கள் என்றார். புளி, கோகம், மாங்காய் வற்றல் எல்லாவற்றையும்கூடச் சோதித்துப் பார்த்தார்கள். இதைப் படித்தபோது என் கொள்ளுப்பாட்டியின் அடுப்படிதான் கண்ணில் வந்தது. நம் வீட்டில் ஒரு கைப்பிடி பச்சைப்பயறை ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட எவ்வளவு நேரமாகும்? ஒரு பேரரசு அதைக் கண்டுகொள்வதற்குள் ஆயிரக்கணக்கான வாய்களில் பல் ஆடிவிட்டது.

ஆஸ்பத்திரிப் பக்கம் நிலைமை அதைவிட மோசம். 1915 நவம்பரில் டெசிஃபான் சண்டையில் அடிபட்டவர்களை நாள்கணக்கில் ஆற்றுப்படகின் தளத்தில் அடுக்கி, பஸ்ராவுக்குக் கொண்டுவந்தார்கள். கரையில் நின்று அந்தக் கப்பல் வருவதைப் பார்த்த மேஜர் கார்ட்டர் என்ற மருத்துவர், பக்கவாட்டில் கயிறுகள் தொங்குவதாக முதலில் நினைத்தார். நெருங்கியபோது அது மனித மலம். எழுந்து போக முடியாத நோயாளிகளின் சீதபேதி வழிந்து காய்ந்திருந்தது. அவர் அதை அறிக்கையாக எழுதியதற்கு மேலதிகாரிகள் அவரை மிரட்டினார்கள். 1917-இல் விசாரணைக் கமிஷன் அறிக்கை வெளிவந்ததும் இந்தியாவுக்கான மந்திரி ஆஸ்டின் சேம்பர்லின் ராஜினாமா செய்தார்.

மற்ற அடையாளங்களுக்கும் மருத்துவர் விளக்கம் சொன்னார். காய்ச்சக்கட்டி என்றால் மலேரியா திரும்பத் திரும்ப வந்து வீங்கிய மண்ணீரல். நம் ஊர்ப் பெண்கள் வைத்தியர் இல்லாமலே கையால் தொட்டுப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். மலேரியாவில் வைவாக்ஸ் என்ற வகை கல்லீரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்துத் திரும்பும். அன்றிருந்த கொய்னா மருந்து ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்லும், கல்லீரலில் ஒளிந்ததைத் தொடாது. ஆக அத்தை சொன்ன 'வரும் போவும்' என்பது பாடப்புத்தக வர்ணனை. ரத்தம் சுண்டி, உடம்பில் சத்து இல்லாமல் போனால் கால் வீங்கும். கடைசியாக மருத்துவர் சொன்னார்: "உங்க கொள்ளுப்பாட்டி கேஸ் ஷீட் எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்க."

அந்த நாட்டில் 1917 ஜூலையில் 50 டிகிரி வெயில் அடித்தது. ரமாதி என்ற ஊரைப் பிடிக்கப் போன படையில் விழுந்தவர்களில் பாதிக்கு மேல் வெயிலால் விழுந்தவர்கள், குண்டால் இல்லை. பாக்தாதைப் பிடித்த தளபதி ஜெனரல் மாட்கூட அந்த வருஷம் நவம்பர் 18-ஆம் தேதி காலராவில்தான் செத்தார். மெசபடோமியாவில் பிரிட்டிஷ் இந்தியப் படைகளில் நோயால் மட்டும் செத்தவர்கள் 12,000-க்கும் மேல். அந்த 12,000-இல் எங்கள் பசராத் தாத்தா இல்லை. அவர்தான் வீட்டுக்கு வந்துவிட்டாரே.

இப்போது பத்திரத்துக்கு வருகிறேன். மடிப்பில் கிழிந்த ஒரு முத்திரைத்தாள். தலைப்பில் சித்தார்த்தி ௵ மாசி ௴ என்று பழைய குறிகளோடு தேதி. சித்தார்த்தி 1919 ஏப்ரலில் பிறந்து 1920 ஏப்ரலில் முடிந்த வருஷம், ஆக மாசி என்பது 1920 பிப்ரவரியும் மார்ச்சும். என் கொள்ளுத் தாத்தா ஒரு கொல்லையை அடமானம் வைக்கிறார். காரணம் எழுதியிருக்கிறது: தம்பியின் வைத்தியச் செலவு, கருமாதிச் செலவு. கீழே கையெழுத்து இல்லை, இடதுகைப் பெருவிரல் ரேகை மட்டும்.

அந்தக் கொல்லை எப்படி வந்தது என்று அத்தைக்குத் தெரிந்திருந்தது. பசராவிலிருந்து மாதாமாதம் வந்த மணியார்டரில் வாங்கியது. எங்கள் குடும்பத்தின் பெயரில் முதல் நிலம் அது. போர்ச் சம்பளத்தில் வந்த நிலம் போர் கொடுத்த நோய்க்குப் போயிற்று. மீட்க முடியவில்லை. பத்திரத்தில் அவரைக் குறிக்கும் இடத்தில் 'என் தம்பி' என்று எழுதியிருந்ததைப் படித்தபோது, ராணுவமும் அவரை அதே சொல்லால்தான் அழைத்திருக்கும் என்ற நினைவு வந்தது. மேலே படிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

லண்டன் கியூவில் உள்ள ஆவணக் காப்பகம் போர்க்கால நாட்குறிப்புகளை இணையத்தில் வைத்திருக்கிறது. சாப்பர் கம்பெனிகளின் குறிப்புகளை இரவுகளில் உட்கார்ந்து படித்தேன். வெள்ளை அதிகாரிக்கு ஜுரம் வந்தால் பெயரோடு வரும். சாப்பர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் இத்தனை பேர் என்று எண்ணிக்கை வரும். ஒன்று, மூன்று, இரண்டு. ஒவ்வொரு எண்ணையும் பார்க்கும்போது இதில் நம்மவர் இருப்பாரோ என்று விரல் நின்றது.

பஸ்ராவுக்கு வெளியே ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்தக் களத்தில் இறந்து கல்லறை இல்லாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக 1929-இல் திறந்தது. பெரும்பாலோர் இந்தியர்கள். பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களைச் சுவரில் வெட்டினார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர், சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் கீழே எண்ணிக்கை. அதற்கு மேலே ஆற்றோரம் அமாரா என்ற ஊர். இடது கரையில் இந்தியர்களின் கல்லறைத் தோட்டம், ஏறத்தாழ 5,000 பேர். அடையாளம் தெரிந்தவர்கள் ஒன்பதே பேர். புதைத்தவர்கள் முறையாகப் பதிவு வைக்கவில்லை. 2021-இல் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையமே ஒரு அறிக்கை வெளியிட்டு, முதல் உலகப்போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசியச் சிப்பாய்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயர் சொல்லியோ அல்லது எந்த வகையிலுமோ நினைக்கப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டு இருக்கிறது. காய்கறி மூட்டைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே அதை ஆயிரம் தடவை கடந்திருக்கிறேன். அதில் ஒரு கல் பதித்திருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914–18 மகா யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில். இதே மாதிரிக் கல்லைச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் வைத்தார்கள். கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறைதோறும் பட்டாளத்துக்கு ஆள் அனுப்புகிற ஊர்கள் நிறைந்த மாவட்டம் இது. எண் மட்டும், பெயர் இல்லை.

தேடலெல்லாம் முடிந்த பிறகு போய் அந்தக் கல்லின் முன்னால் நின்றேன். 277-க்கு 14 என்றால் மீதி 263 பேர் திரும்பி வந்தார்கள் என்று கல் சொல்கிறது. அவர்களில் எத்தனை பேர் வாயில் பல் இல்லாமல், வயிற்றில் கட்டியோடு வந்தார்கள்? எத்தனை கொல்லைகள் மாசியில் அடமானம் போயின? கிராமத்தில் முன்சீப்பு எழுதிய சாவுப் பதிவேட்டில் காலரா, அம்மை, காய்ச்சல், பேதி என்று சில கட்டங்கள்தான். அன்றைக்கு இந்தியாவில் காரணம் தெரியாத சாவெல்லாம் 'காய்ச்சல்' கட்டத்தில்தான் விழும். அதற்குச் சற்று முன்னால், 1918-இல், விஷக்காய்ச்சல் என்ற இன்ஃப்ளூயன்சா கோடிக்கும் மேல் ஆட்களைக் கொண்டுபோயிருந்த நாடு இது. அதற்குப் பிறகு ஒரு சேரியில், முன்னாள் சிப்பாய் ஒருவர் காய்ச்சலில் செத்ததை யார் போரின் சாவு என்று எழுதுவார்கள்?

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவரைக் கொன்றது போர். துப்பாக்கி இல்லாமல், பஸ்ராவில் தொடங்கி, எங்கள் வீட்டுத் திண்ணையில் முடித்தது. போர்க் கல்லறைகள் ஆணையத்தின் விதிப்படி 1921 ஆகஸ்ட் 31-க்குள், படையை விட்டு வந்த பிறகு செத்தாலும், போர்ப்பணியால் வந்த நோய்தான் காரணம் என்று நிரூபித்தால் அவர் போரில் இறந்தவர்தான். 1920 மாசி அந்தக் கெடுவுக்குள்ளேயே வருகிறது. இந்த மாதிரி விடுபட்டவர்களின் ஆவணங்களைத் திரட்டி ஆணையத்திடம் கொடுப்பதற்கென்றே பிரிட்டனில் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் இருப்பது பதக்க விளிம்பும், பெருவிரல் ரேகை வைத்த பத்திரமும், மூன்று பெண்களின் சொல்லும். மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதி, பத்திரத்தைப் படம் பிடித்து வைத்துவிட்டேன். கொள்ளுப்பாட்டி சொன்னதை எழுதும் இடத்தில் 'கேஸ் ஷீட்' என்ற அந்த மருத்துவரின் சொல்லையே தலைப்பாகப் போட்டேன்.

பூட்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அத்தை சொன்னார்: "திண்ணையில அவர் கண்ணு படற இடத்துல ஆணியில மாட்டி வச்சிருந்தாங்களாம். கால் வத்தினதும் போட்டுக்கிட்டு ஊர்த்தெரு வழியா ஒருதரம் நடந்துட்டு வரணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாராம். செத்தப்புறம் கூடவே வச்சுப் பொதைச்சுட்டாங்க."

போன மாசியில் அத்தையை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரை இடுகாட்டுக்குப் போனேன். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த பெரிய வெள்ளம் கரையை நிறைய அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கல்லோ மேடோ எதுவும் இல்லை. அத்தை தயங்காமல் நடந்துபோய் ஒரு பெரிய புளியமரத்தடியில் நின்றார். இந்த மரத்துக்குக் கிழக்கே என்று ஆயா காட்டியிருக்கிறாராம். ஆயாவுக்கு அவர் மாமியார் காட்டியது.

கற்பூரம் ஏற்றினோம். பதக்கத்தை ஒரு வெற்றிலையில் வைத்து, விளிம்பில் இருந்த பெயரை அத்தை சத்தமாகச் சொன்னார். பிறகு கீழே உதிர்ந்து கிடந்த புளியம்பழங்களைக் குனிந்து குனிந்து பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். இடுகாட்டுப் புளியை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன்.

"நம்மாளு மரம்டா" என்றார்.